மோட்டார் வண்டியும் அதன்பால் எஞ்சும் பெறுமதியும்

தமிழாசிரியர்க்கு மோட்டார் வண்டியோடு யாது தொடர்பு என வினவுவார் உளராயின், அவர்க்கு யாம் கூறும் விடை இது: விலை, பெறுமதி, தேய்வு, குத்தகை என்பன யாவும் தமிழ்ச் சொற்களே. இவற்றின் பொருளை வகுப்பறையிலே தெளிந்துகொள்ளாத மாணவன் பின்னாளிலே உத்தியோகம் பெற்று, ஒரு விற்பனை நிலையத்தின் குளிரூட்டிய அறையில் அமர்ந்து, அறுபது மாதத்துக்குரிய உடன்படிக்கையிலே கையொப்பம் இடுகின்றான். அங்ஙனம் இட்ட நம் பழைய மாணவர் சிலர், நாலைந்து மாதம் கழிந்தபின், "சேர், இந்தக் கணக்கை ஒருக்கால் பாருங்கோ" என்று தாளும் கையுமாக எம்மை நாடி வந்ததுண்டு. அந்நிலையிற் கணக்குப் பார்த்துப் பெறும் பயன் சிறிது. கையொப்பத்துக்கு முன் பார்க்கவேண்டிய கணக்கையே இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

முதலிற் சொற்களை நோக்குவோம். விலை என்பது ஒரு பொருளுக்காக இன்று கைமாறும் பணம். பெறுமதி என்பது அப்பொருள் நமக்குத் தரவல்ல பயனும், பிறர் அதற்குக் கொடுக்க இசையும் அளவும் சேர்ந்த ஒன்று. வணிகத்துறை மாணவர் கணக்கீட்டுப் பாடத்திலே 'பெறுமானத்தேய்வு' எனப் படிப்பது, பொருள் பழையதாக ஆக அதன் பெறுமதி குறைந்துசெல்லும் செலவினை. ஆண்டு சில கழிந்தபின் எஞ்சி நிற்பது எச்சப் பெறுமதி. புதிய வண்டி முதலிரண்டு மூன்று ஆண்டுகளில் மிகுதியும், பின்னர் மெல்ல மெல்லவும் பெறுமதி இழக்கும் என்பது உலகெங்கும் கண்ட பொதுவிதி. அமெரிக்காவிலே கெல்லி என்பார் 1926 ஆம் ஆண்டு முதலாகப் பழைய வண்டிகளின் விலைப்பட்டியலை நூலாக வெளியிட்டனர். பிரித்தானியாவிலே கிளாஸ் வழிகாட்டி 1933 இல் தோன்றியது. இன்ன வகை வண்டி இத்தனை ஆண்டில் தன் விலையில் இத்தனை வீதத்தைக் காத்துக்கொள்ளும் என்று அந்நாட்டார் இவற்றைப் புரட்டிப் பார்த்தபின்னரே வாங்குவதும் விற்பதும் செய்தனர்.

அவ்விதியை நம் நாட்டிலே அப்படியே பொருத்திப் பார்ப்பவர் மயங்குவர். எந்தக் கராச்சிலே நின்று கேட்டாலும், "கார் வாங்கினால் காசு அழியாது, தம்பி; வாங்கின விலைக்கு மேலேதான் போகும்" என்னும் பேச்சைக் கேட்கலாம். அது முழுப் பொய்யன்று; அரை உண்மை. அதனாலேயே அது முழுப் பொய்யினும் மிகுந்த கேடு செய்கின்றது.

நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். 2020 மார்ச்சு மாதத்திலே இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 மார்ச்சிலே ரூபாவின் மாற்றுவிகிதம் மிதக்கவிடப்பட, அதுவரை டொலர் ஒன்றுக்கு 200 அளவில் நின்ற ரூபா, இரண்டு மாதத்தினுள் 360 வரை வீழ்ந்தது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு இறக்குமதி வாயில் மீண்டும் திறந்தது. திறந்தபோதும் வரிச்சுமை பெரிதாக இருந்தமையால், பழைய வண்டி விலை பலர் எதிர்பார்த்தவாறு சரியவில்லை. இந்த ஐந்தாண்டுக் காலத்திலே பழைய கார்கள் வாங்கிய விலைக்கு மேலே விற்கப்பட்டமை யாவரும் அறிந்தது. ஆயின் ஏறியது யாது? வண்டியின் பெறுமதியா, அன்றிப் பணத்தின் இறக்கமா?

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். 2020 தொடக்கத்திலே ஒருவர் 40 இலட்சம் ரூபாவுக்கு ஒரு கார் வாங்கினார்; 2022 நடுப்பகுதியிலே அதனை 60 இலட்சத்துக்கு விற்றார். ரூபாக் கணக்கில் அவர்க்கு 20 இலட்சம் இலாபம். முன்னைய நாளில் டொலர் 180 ரூபா அளவில் இருந்தது; ஆகவே அவர் கொடுத்தது ஏறத்தாழ 22,200 டொலர். பின்னைய நாளில் டொலர் 360; அவர் பெற்றது ஏறத்தாழ 16,700 டொலர். காற்பங்கு போயிற்று. டொலரிலே நமக்கு என்ன வேலை என்பாரும் உளர். கார் டொலரிலும் யென்னிலும் வாங்கப்படும் பொருள்; அதனை விற்றவர் மறுபடி ஒரு கார் வாங்கப் புகும்போதுதான் தம் 60 இலட்சத்தின் சிறுமையை உணர்வார். அதே காலத்திலே அரிசியும் மருந்தும் விலையேறியதை இல்லத்தரசியார் எம்மினும் நன்கு அறிவர்.

எனவே, நம் நாட்டிலே காரின் விலை மூன்று கயிறுகளால் இழுக்கப்படுகின்றது என்க. ஒன்று வண்டியின் சொந்தத் தேய்வு. மற்றொன்று அரசின் வரியும் தடையும். பிறிதொன்று ரூபாவின் நிலை. பின்னிரண்டும் எல்லா வண்டிகளையும் ஏறத்தாழ ஒருசேர இழுப்பன. நம் கையிலும் இல்லாதன. இரண்டு வண்டிகளுள் எது பெறுமதி காக்கும் என ஒப்பிட முயல்பவர் முதலாவதையே தனியே பிரித்துக் காணுதல் வேண்டும்.

பிரித்துக் காண்பது அரிதன்று. ஐந்தாண்டுக்கு முன் இவ்வண்டி என்ன விலை, இன்று என்ன விலை என்று கேளாதீர். அக்கேள்வி மூன்று கயிற்றையும் ஒருங்கே பின்னிவிடும். ஒரே நாளின் பத்திரிகை விளம்பரங்களை எடுத்துக்கொண்டு, ஒரே வகை வண்டியின் இரு வேறு ஆண்டுக்குரியவற்றை அருகருகே வைத்து நோக்குக. 2018 ஆம் ஆண்டு வண்டி ஒன்று 70 இலட்சமும், அதே வகையில் 2013 ஆம் ஆண்டு வண்டி 56 இலட்சமும் கேட்கப்படுகின்றன எனக் கொள்வோம். இடைப்பட்ட ஐந்தாண்டு முதுமைக்குச் சந்தை வைக்கும் விலை 14 இலட்சம், நூற்றுக்கு 20. மற்றொரு வகையில் 2018 இனது 50 இலட்சம், 2013 இனது 32 இலட்சம் எனின், அங்கு ஐந்தாண்டு முதுமையின் விலை 18 இலட்சம், நூற்றுக்கு 36. இரண்டும் ஒரே நாளின் ரூபா, ஒரே நாளின் வரிநிலை. எஞ்சுவது வண்டியின் குணமே. உயர்தர வகுப்பு மாணவர் இதனை ஒரு செய்முறைப் பயிற்சியாகவே செய்து பார்க்கலாம்.

இதிலும் கவனிக்க வேண்டுவன சில உள. விளம்பரத்திற் காண்பது கேட்கும் விலை. கொடுக்கும் விலை அதனிற் குறைவு. ஆதலின் ஒவ்வொன்றிலும் நாலைந்து விளம்பரங்களை நோக்கி நடுவான தொகையைக் கொள்ளல் நன்று. உருவம் மாறிய ஆண்டைத் தாண்டி ஒப்பிடுதல் தகாது. நம்மவர் '240', '260' என எண்ணாற் குறிப்பிடும் ரொயோட்டா அலியன் வண்டிகள் பெயரால் ஒன்றாயினும் சந்தையில் இரண்டே. இன்னும், உற்பத்தி ஆண்டு வேறு, இங்கே பதிவான ஆண்டு வேறு. இலக்கத் தகட்டின் எழுத்தைக் கண்டு வண்டி புதிது என மயங்குவோர் பலர். ஜப்பானிலே சில ஆண்டு ஓடிப் பின் இங்கு வந்து பதிவான வண்டிக்கும் அவ்வெழுத்தே கிடைக்கும். (தகட்டின் எண்களைக் கூட்டிப் பார்த்து நல்லெண் உள்ள வண்டிக்கு மேலதிக விலை கொடுப்பாரும் நம்மிடையே உளர். உற்பத்தி ஆண்டையும் அவ்வளவு கருத்தோடு பார்த்தால் நன்று.)

இனி, ஒரு வண்டி ஏன் பெறுமதி காக்கின்றது, மற்றொன்று ஏன் காப்பதில்லை என்பதை ஆராய்வோம். உறுதியான உடல், நல்ல எஞ்சின் என்பன முதலில் நினைவுக்கு வரும். அவற்றினும் பெரிதாக யாம் கருதுவது, அந்த இடத்திலே, அந்தக் காலத்திலே அவ்வண்டியை ஓட்டவும் திருத்தவும் இயலுமா என்பதே. இதற்கு யாழ்ப்பாணத்தை விடச் சிறந்த சான்று வேறொன்று தேட வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்திலே வீதியில் ஓடியவை 1950 ஆம் ஆண்டுகளில் வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ச், ஏ40 சோமசெற், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் என்பன. அவற்றின் எஞ்சின்கள் அழுத்த விகிதம் குறைந்தவை. சிறிது பெற்றோல் விட்டு இயக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெயிலே ஓடக்கூடியவை. பின்னர் வந்த ஜப்பானியக் கார்கள் அப்புகையைத் தாங்காமற் கொட்டிலிலே கிடந்து துருவேற, நாற்பதாண்டு கடந்த ஒஸ்ரின்கள் நோயாளரையும் மணமக்களையும் ஏற்றித் திரிந்தன. எந்த விலைப்பட்டியலும் அந்நாளிலே ஒஸ்ரினுக்கு அத்தகைய பெறுமதியை முன்னறிந்து கூறியிராது.

மொறிஸ் மைனரின் கதையும் இதற்கு அயலானதே. 1948 இல் அறிமுகமாகி 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட சிறு கார் அது. தாய்நாட்டிலே உற்பத்தி நின்றபின்னும் இலங்கையிலே ஓடிக்கொண்டிருந்தமையால், அதன் உதிரிப்பாகங்களை இங்கேயே வார்த்தும் அடித்தும் செய்யும் கைவினை நிலைத்தது. 1990 ஆம் ஆண்டுகளிலே அவ்வுதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. பாகம் கிடைக்கும் வண்டி முதுமை எய்தினும் சாவதில்லை. ரொயோட்டா கொறோலாவை 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்று நம் கராச்சுக்காரர் கூறுவதன் உட்பொருளும் இதுவே. கோண்டாவிலிலும் அதன் பாகம் கிடைக்கும். கொடிகாமத்திலும் அதனைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் இருப்பர். ஐரோப்பிய உயர்குல வண்டிகள் சில புதிதாயிருக்கையில் இருமடங்கு விலை பெற்றும், பத்தாண்டில் கொறோலாவின் அருகே வந்து நிற்பதற்குக் காரணம் அவற்றின் குறைபாடு அன்று. திருத்துவார் அருமையும் பாகத்தின் விலையுமே.

மின்காரிலே கணக்கு வேறாகின்றது. நிசான் லீவ் என்னும் கார் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது; 2015 அளவிலே வரி குறைவாயிருந்த வேளையில் பல இலங்கைக்கும் வந்தன. அதன் பற்றறிக்குத் திரவத்தாற் குளிரூட்டும் ஏற்பாடு இல்லை. வெப்பம் மிகுந்த அமெரிக்க அரிசோனா மாநிலத்திலே அதன் கொள்ளளவு விரைந்து குறைவதாக 2012 அளவிலேயே முறைப்பாடுகள் எழுந்தன. ஓட்டுநர் முன்னுள்ள பலகையிலே பன்னிரண்டு கோடுகள் அக்கொள்ளளவைக் காட்டும். முதற்கோடு மறையும்போதே ஏறத்தாழ நூற்றுக்கு 15 போய்விட்டது என்பது பொருள். ஆகவே இவ்வகைக் காரிலே ஆண்டையும் ஓடிய தூரத்தையும் பார்ப்பவர் கோட்டையும் எண்ணுதல் வேண்டும். பெற்றோலும் மின்னும் கலந்தோடும் வண்டிக்கும் பற்றறி மாற்றும் செலவு விற்பனை நாளிலே விலையிற் கழியும். புதிய மின்கார்களிலே பற்றறியைக் குளிரூட்டும் முறை திருந்தியுள்ளது. எனினும் பற்றறியின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதனை இங்கே நிறைவேற்றுவார் யார் என்று எழுத்திலே கேட்டுப் பெறுவது முறை.

ஒப்பீட்டிலே இன்னுமோர் இடறல் உண்டு. வீதம் ஒன்றையே நோக்கி, 'இது நூற்றுக்கு எழுபது காக்கும், அது அறுபதே காக்கும். ஆகவே இதுவே நன்று' என முடிவு கட்டுவோர் பலர். 60 இலட்சத்துக்கு வாங்கிய வண்டி ஐந்தாண்டின் பின் 42 இலட்சத்துக்குப் போயின் அது எழுபது வீதம். 45 இலட்சத்துக்கு வாங்கியது 27 இலட்சத்துக்குப் போயின் அறுபது வீதம். இரண்டிலும் கைவிட்டுப் போனது 18 இலட்சமே. ஆயின் முன்னதிலே 15 இலட்சம் மேலதிகமாக ஐந்தாண்டு முடங்கிக் கிடந்தது. அத்தொகைக்கு ஆண்டுக்குப் பத்து வீதம் தனிவட்டி எனினும் ஏழரை இலட்சம் ஆயிற்று. வீதத்திலே வென்ற வண்டி பணத்திலே தோற்றது. காப்புறுதியும் விலைக்கேற்ப உயரும் என்பதையும் கூட்டிக்கொள்க. எச்சப் பெறுமதி என்பது விற்கும் நாளிலே கிடைக்கும் ஆறுதல். அதற்காக இன்று இயலாத விலையைக் கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

இனிக் குத்தகைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தாராகிய நமக்குக் குத்தகை என்பது வயலோடு பிறந்த சொல். வயலுக்கு உடையவன் ஒருவன். குத்தகைக்காரன் விளைவில் ஒரு பங்கோ பணமோ கொடுத்து, தவணை முடியத் திருப்பி விடுவான். வயல் தேய்வதும் விலையேறுவதும் உடையவன் பாடு. அமெரிக்கா முதலிய நாடுகளிலே கார்க் குத்தகை என வழங்குவது பெரும்பாலும் இதனை ஒத்தது. 30,000 டொலர் விலையுள்ள வண்டி மூன்றாண்டின் பின் 18,000 பெறும் என மதிக்கப்படின், இடையிலுள்ள 12,000 டொலரும் வட்டியுமே முப்பத்தாறு மாதத்துக்குப் பகிரப்படும். வட்டி நீங்க மாதம் ஏறத்தாழ 333 டொலர். அதே விலையுள்ள மற்றொன்று 15,000 தான் பெறும் எனின், மாதம் ஏறத்தாழ 417 டொலர். அங்கே பெறுமதி காக்கும் வண்டியைத் தெரிந்தவன் மாதந்தோறும் அதன் பயனைக் காண்பான்.

நம் நாட்டு 'லீசிங்' பெயரால் மாத்திரம் குத்தகை. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் நடைபெறும் இதிலே பெற்ற தொகை முழுவதையும் வட்டியோடு கட்டித் தீர்த்தபின் வண்டி நமக்காகின்றது. நம் தேசவழமையிலே கூறப்படும் ஒற்றி இதற்கு நேர் எதிர்மறையானது. ஒற்றியிலே உரிமை கடன்பட்டவனிடமும் அனுபோகம் கடன் கொடுத்தவனிடமும் இருக்கும். லீசிங்கிலே அனுபோகம் கடன்பட்டவனிடமும் உரிமை கடன் கொடுத்தவனிடமும் இருக்கும். பதிவுப் புத்தகத்திலே நிறுவனம் முழு உரிமையாளராகப் பதியப்படும். ஆயினும் வண்டியின் பெறுமதி வீழ்ந்தால் அவ்வீழ்ச்சி அனுபோகக்காரனையே சாரும்; வயற் குத்தகையிலும் இல்லாத, ஒற்றியிலும் இல்லாத ஏற்பாடு இது.

எண்ணாற் காண்போம். 50 இலட்சம் ரூபா வண்டிக்கு 20 இலட்சம் கைப்பணம். 30 இலட்சம் லீசிங். குறைந்துசெல்லும் மீதிக்கு ஆண்டுக்கு 15 வீத வட்டி, அறுபது மாதம் எனின், மாதத் தவணை ஏறத்தாழ 71,370 ரூபா. மொத்தமாகக் கட்டுவது 42 இலட்சத்து 82 ஆயிரம். இதனையே "ஐந்தாண்டுக்கு ஆண்டு எட்டரை வீதந்தான்" என்று ஒருவர் இனிமையாகச் சொல்லக் கூடும். அவர் பொய் சொல்லவில்லை. கட்டித் தீர்த்த பகுதிக்கும் சேர்த்து முதல் 30 இலட்சத்துக்கே வட்டி கணக்கிட்டுச் சொல்கின்றார். எந்த முறை வட்டி என்று கேளாமல் இரு நிறுவனங்களின் வீதத்தை ஒப்பிடுதல் பரப்புக் கணக்கையும் ஏக்கர்க் கணக்கையும் ஒன்றாக எண்ணுதல் போலும்.

ஓராண்டிலே இவர் கட்டியது 8 இலட்சத்து 56 ஆயிரம். அதிலே கடன் குறைந்தது 4 இலட்சத்து 36 ஆயிரமே, மற்றது வட்டி. கடன் மீதி 25 இலட்சத்து 64 ஆயிரம். அவ்வாண்டிலே வண்டி நூற்றுக்கு 15 பெறுமதி இழந்தது எனின் இன்று அதன் விலை 42 இலட்சத்து 50 ஆயிரம். இடமாற்றம் வந்தோ, வீட்டிலே நோய் வந்தோ இவர் விற்க நேரின், கடன் போகக் கையில் எஞ்சுவது 16 இலட்சத்து 86 ஆயிரம். இவர் இட்டதோ, கைப்பணமும் தவணையுமாக 28 இலட்சத்து 56 ஆயிரம். ஓராண்டு வண்டி ஓடியதற்குச் சென்றது 11 இலட்சத்து 70 ஆயிரம், மாதம் 97,500 ரூபா. எண்ணெய், காப்புறுதி, தவணைக்கு முன் தீர்ப்பதற்குரிய கட்டணம் ஆகியன இதற்குப் புறம்பு. "மாதம் எழுபத்தொன்றுதானே, சம்பளத்தில் சமாளிக்கலாம்" என்று கணக்கிட்டவர்க்கு இத்தொகை திகைப்பைத் தருதல் இயல்பே.

கைப்பணம் சிறிதாகவும் லீசிங் பெரிதாகவும் உள்ளவர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. முதலிரண்டாண்டுகளிலே வண்டி இழக்கும் பெறுமதி வேகமானது. கடன் குறைவது மெதுவானது. இரண்டும் குறுக்கிடும் இடத்திலே, வண்டியை விற்றாலும் கடன் தீராது. தவணை தவறி வண்டி மீளக் கைப்பற்றப்பட்டு ஏலத்திற் போகும்போது சந்தை விலை கிடைப்பது அரிது. குறைவிழும் தொகைக்கு வண்டியில்லாத மனிதரும் அவர்க்குப் பிணைநின்ற நண்பரும் பொறுப்பாவர். அப்பிணையாளர் பெரும்பாலும் உடன் கற்பிக்கும் ஆசிரியராகவோ உடன் படித்த தோழராகவோ இருத்தலை யாம் கண்டிருக்கின்றோம். எனவே லீசிங்கிலே வாங்குபவர்க்கே பெறுமதி காக்கும் வண்டி மிகவும் வேண்டியது. முழுப்பணம் கொடுத்து வாங்கிப் பதினைந்தாண்டு தாமே ஓட்டுபவர்க்கு அது அவ்வளவு வேண்டியதன்று. பின்னவர் யாரும் விரும்பாத நிறத்திலும் யாரும் கேளாத வகையிலும் ஒரு நல்ல வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி நிம்மதியாக ஓட்டலாம். வெண்மை நிறத்துக்குச் சந்தையில் உள்ள மதிப்பு அவர்க்கு எவ்வகையிலும் பயன்படாது.

பழைய வண்டி வாங்குபவர் ஒன்றை மறவாதிருக்க. விற்பவர் தவணை முழுவதும் கட்டி முடித்தேன் என்று கூறினும், பதிவுப் புத்தகத்திலே முழு உரிமையாளர் என்னும் இடத்தில் நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டுள்ளதா என நேரிற் பார்க்க. நீக்கப்படாவிடின், நிறுவனத்திடம் விடுவிப்புக் கடிதம் பெற்று, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே பதிவு திருத்தப்படும்வரை முழுப்பணத்தையும் கைமாற்றாதீர். முற்பணம் கொடுப்பதாயின் பற்றுச்சீட்டிலே வண்டியின் இலக்கத்தோடு அடிச்சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் எழுதுவித்துக்கொள்க.